ஜோடி சேராத குப்பிகள்

நூற்று அறுபத்து மூன்று நாள். 2006 டிசம்பர் பதினெட்டு, திங்கட்கிழமை முதல், இந்த ஆண்டு மே முப்பது, புதன்கிழமை வரை. அத்தனை நாளும் உங்கள் சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. சட்டை மாறியது, காகிதம் மாறவில்லை.

அன்பும் மதிப்பும் கலந்து நாங்கள் ராஜண்ணன் என்றே அழைத்துப் பழகிவிட்ட திரு. இருதயராஜ் அவர்களுக்கு, ஆளந்தி சாலை மருத்துவமனையின் தமிழ் ஊழியர்கள் 2007 ஜூன் இரண்டாம் நாள் எழுதி வாசிக்கும் மடல்.

நிர்வாகம் மராட்டியில் மானபத்ரம் என்னும் பாராட்டுரை வாசித்தாயிற்று. சால்வையும் தேங்காயும் கொடுத்தாயிற்று. முப்பத்து மூன்று ஆண்டுச் சேவை, ஒரு நாள் தாமதமில்லை, ஒரு குழாய் உடைந்ததில்லை என்று அதில் எல்லாம் வந்துவிட்டது. குழாய் பற்றிச் சொன்னது மட்டும் உண்மையில்லை என்பது உங்களுக்கே தெரியும். அதையெல்லாம் நாங்களும் ஒருமுறை சொல்ல வேண்டாமே என்று நினைத்தோம். நடந்த ஒன்றைச் சொல்கிறோம். அதற்கு இருவரிடம் அனுமதி கேட்டோம்: உங்களிடம், பிறகு இந்த அறையில் அமர்ந்திருக்கும் இன்னொருவரிடம். இருவரும் சொல்லலாம் என்றீர்கள்.

இனி உங்களை ‘நீங்கள்’ என்று சொல்லப் போவதில்லை. ‘அவர்’ என்றுதான் சொல்வோம். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்லும் துணிச்சல் எங்களில் யாருக்கும் வரவில்லை.

இருதயராஜ் ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் மூத்த டெக்னீஷியன். புனேயில் மழை விட்டு விட்டுப் பெய்யும் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் காய்ச்சல் வார்டு நிறைந்து, வராந்தாவிலும் கட்டில் போடுவார்கள். மலேரியா என்றால் கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். மற்றவை அப்படியில்லை. எலியால் வருவது, கொசுவால் வருவது, புதரில் இருக்கும் பூச்சியால் வருவது என்று எதுவானாலும் முதல் வாரத்தில் ஒரே முகம்தான்: தலைவலி, உடம்புவலி, வெளுத்த நாக்கு. பெயர் தெரியாதபோது டாக்டர்கள் கேஸ் பேப்பரில் ‘பி.யு.ஓ.’ என்று எழுதுவார்கள். காரணம் தெரியாத காய்ச்சல் என்று பொருள்.

அந்த மூன்று எழுத்து அவரை உறுத்தியது. 1992இல் பரிசோதனைக்கூடத்துக்கு டீப் ஃப்ரீஸர் வந்ததும் ஒரு நோட்டுப் போட்டார். பெயர் தெரியாத காய்ச்சலோடு யார் சேர்ந்தாலும் அன்றே ஒரு குப்பி ரத்தம் எடுப்பார். பதினான்கு நாள் கழித்து இரண்டாவது குப்பி. இரண்டையும் ஒரே நாளில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதிப்பார். எந்தக் கிருமிக்கு எதிரான சக்தி இரண்டாவது ரத்தத்தில் நாலு மடங்கு ஏறியிருக்கிறதோ, அந்தக் கிருமியின் பெயரைக் காய்ச்சலுக்குக் கொடுப்பார். ஒரு குப்பியை மட்டும் சோதித்தால் என்றைக்கோ வந்துபோன காய்ச்சலின் மிச்சம்கூட இன்றைய காய்ச்சலைப்போல வேஷம் காட்டும். ஆகவே ஒரு விதி வைத்தார். ஜோடி சேராமல் எதையும் போட்டுப் பார்ப்பதில்லை. சோதனைக்கான மருந்தும் கொஞ்சமாகத்தான் வரும். ஒற்றைக் குப்பியில் வீணாக்க முடியாது. விதியில் பிழை சொல்ல ஆளில்லை. புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

சிக்கல் இரண்டாவது குப்பியில் இருந்தது. காய்ச்சல் விட்டவன் எதற்காக மருத்துவமனைக்குத் திரும்பி வருவான்? அதனால் இவர் போவார். அகலவாய் ஃபிளாஸ்க்கில் பனிக்கட்டி, பையில் ஊசி. விஷ்ராந்த்வாடிக்குச் சைக்கிள். தளேகாவுக்கு லோக்கல் ரயில். ஆம்புலன்ஸ் ஓட்டும் இஸ்மாயில் பாய் அந்தப் பக்கம் காலியாகத் திரும்பினால் ஆகுர்டிக்கு ஆம்புலன்ஸ்.

“கல்யாண புரோக்கர் கிளம்பிட்டாரு,” என்பார் இஸ்மாயில் பாய். “இன்னிக்கு எத்தன ஜோடி ராஜண்ணா?”

“மூணு. வண்டியப் பாத்து ஓட்டு. மாப்பிள்ள ஓடிடப் போறான்.”

ஆகுர்டியில் ரமேஷ் என்று ஒருவர், கார்த் தொழிற்சாலையில் கடைசல் வேலை. இவரைப் பார்த்ததும் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

“நல்லா ஆயிட்டேனே சார். இன்னும் எதுக்கு ரத்தம்?”

“நல்லா ஆனதுனாலதான் வேணும்.”

“முன்ன எடுத்தத என்ன பண்ணீங்க? வித்துட்டீங்களா?”

“பாதிய இஸ்மாயில் குடிச்சிட்டான்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி பட்டு குரல் கொடுத்தார்: “குடுத்துத் தொலைங்களேன். என்ன காய்ச்சல்னாவது தெரியட்டும். அடுத்த தடவ வந்தா பேரச் சொல்லித் திட்டலாம்ல.”

ரமேஷ் பொத்தானைக் கழற்றினார்.

இப்படிப் பதினான்கு ஆண்டில் அறுநூற்றுப் பன்னிரண்டு காய்ச்சல் நோட்டில் ஏறின. நானூற்று முப்பத்தொன்றுக்கு ஜோடி சேர்ந்தது. நூற்று எண்பத்தொன்று ஒற்றையாக நின்றுவிட்டன. வீடு மாறிப்போனவர்கள், கதவைச் சாத்தியவர்கள், ஊருக்குப் போனவர்கள் என்று நூற்றைம்பது பேர். மீதி முப்பத்தொரு பேருக்குப் பதினான்காம் நாள் வரவேயில்லை. அவர்கள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு. அந்தக் குப்பிகளை மட்டும் அவர் வீசவில்லை. மின்வெட்டு நீண்டால் ஐஸ் ஃபாக்டரியிலிருந்து பனிப்பாளம் கொண்டுவந்து ஃப்ரீஸருக்குள் அடுக்குவார். எதற்கு என்று கேட்டால், “இருக்கட்டும்” என்பார்.

இனி அந்த இன்னொருவர். அந்தோணியம்மாளை இங்கே தெரியாதவர்கள் இல்லை. காய்ச்சல் வார்டு ஆயா. நோயாளிகளுக்கு மாவ்ஷி, மராட்டியில் சின்னம்மா. எங்களுக்கு, சொல்லவே கூசுகிறது, ‘கஸ்டம்ஸ்’. நோயாளியைப் பார்க்க வருகிறவர்களின் சாப்பாட்டு டப்பாவை அவர் திறந்து பார்க்காமல் வார்டுக்குள் விடமாட்டார். கஞ்சி, கிச்சடி தவிர எதுவும் உள்ளே போகாது. எங்களில் சிலர் அவர் குரலில் பேசிக் காட்டிச் சிரித்திருக்கிறோம். காரணம் தெரிந்தவர்களும் சிரித்தோம். அதை இந்த மடலில் எழுதிவைக்க வேண்டும் என்று ஒருமனதாக முடிவு செய்தோம்.

காரணம் இதுதான். அவருக்குச் சின்னதுரை என்று ஒரு மகன். பத்தொன்பது வயது. 1996இல் தளேகாவில் தொழிற்சாலைகளுக்காகப் புதர் வெட்டி நிலம் சீராக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். செப்டம்பரில் காய்ச்சல் வந்து, ஆறாம் நாள் இங்கே சேர்த்தார்கள். டைபாய்டாக இருக்கலாம் என்று டாக்டர் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். கேள்விக்குறி இருந்ததால் இருதயராஜ் போய்த் தனியாக ஒரு குப்பி ரத்தம் எடுத்து வந்தார். டைபாய்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. குடல் புண்ணாகியிருக்கும், கட்டியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று தாயிடம் சொல்லியிருந்தார்கள். எட்டாம் நாள் பையன் போம்பில் கருவாட்டுக் குழம்பும் சோறும் கேட்டான். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, அந்தோணியம்மாள் வீட்டுக்குப் போய் ஆக்கி எடுத்து வந்து, சேலையால் மறைத்துக்கொண்டு, இரண்டு வாய் ஊட்டினார். ஒன்பதாம் நாள் காலையில் சின்னதுரை இறந்துவிட்டான். சான்றிதழில் டைபாய்டு என்று எழுதினார்கள். கேள்விக்குறியை விட்டுவிட்டார்கள்.

தன் சோறுதான் பிள்ளையைக் கொன்றது என்று அந்தோணியம்மாள் அன்று முதல் நம்பினார். அடுத்த வருடம் இங்கேயே ஆயா வேலை கேட்டு வந்தார். காய்ச்சல் வார்டுதான் வேண்டும் என்றார்.

குப்பி ஃப்ரீஸரில் இருந்தது. இரண்டாவது குப்பி இல்லாததால் யாரும் அதைத் தொடவில்லை.

போன டிசம்பரில் புது ஃப்ரீஸர் வந்தது. பழையதைக் காலி செய்யச் சொன்னார்கள். அதே சமயம், வேறொரு ஆய்வுக்கு வந்த சோதனைக் கிட் ஒன்றில் நாற்பது குழிகள் மீதமிருந்தன. ஆண்டு முடிந்தால் அதன் தேதியும் முடியும். இது புது வகை. ஒற்றை ரத்தத்திலேயே ஸ்க்ரப் டைபஸைக் காட்டும். புதர்ப்பூச்சி கடித்து வரும் காய்ச்சல் அது. வீணாகப் போகிறதே என்று இருதயராஜ் அந்த முப்பத்தொரு குப்பியையும் எடுத்துப் போட்டார். அந்தக் காய்ச்சலைக் காட்டி ஒன்பது குழிகளில் நிறம் ஏறியது. ஏழாவது குழி சின்னதுரையுடையது. எல்லாவற்றிலும் அடர்த்தியான நிறம் அதில்தான்.

அவர் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பதினான்கு ஆண்டில் அவர் பெயர் வைத்த காய்ச்சல்கள் எல்லாம் பிழைத்தவர்களின் காய்ச்சல்கள். பதினான்கு நாள் காத்திருக்க முடிந்தவர்களுக்கு மட்டும்தான் ஜோடி சேர்ந்தது. கொல்லும் காய்ச்சலை அவருடைய விதியே நோட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. மழைக்காலம் முடிந்து ஒவ்வொரு வருடமும் அவர் டாக்டர்களுக்கு ஒரு பட்டியல் கொடுப்பார். இந்தப் பக்கம் ஸ்க்ரப் டைபஸ் வெகு அபூர்வம் என்று அதில் எழுதியிருப்பார். டாக்டர்கள் நம்பினார்கள். ராஜண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பரிசோதனைக்கூடத்தின் டாக்டர் சுஷ்மா மேடத்திடம் முடிவைக் காட்டினார். மேடம் நெடுநேரம் பார்த்தார். பிறகு இந்தியில் சொன்னார்: அந்தத் தாயிடம் டைபாய்டு இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், சாப்பாட்டால் சாகவில்லை என்று சொல்லுங்கள், அதற்கு மேல் எதற்கு? வரும் மழைக்காலம் முதல் ஒற்றைக் குப்பியையும் உடனே சோதிப்போம் என்றும் அன்றே உத்தரவு எழுதினார்.

ஏழாவது குப்பியின் அடியில் இன்னும் சில சொட்டு இருந்தது. அதைக் கொண்டு மறுநாள் அவர் செய்ததை மேடத்திடமும் சொல்லவில்லை.

முடிவை ஒரு காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டார். பரிசோதனைக்கூடத்திலிருந்து காய்ச்சல் வார்டுக்கு நாற்பது காலடி தூரம். பிப்ரவரியில் ஒருநாள் நடந்துபோனார். வாசலில் அந்தோணியம்மாள் நீலா என்ற இளம்பெண்ணை நிறுத்தி வைத்திருந்தார். நீலாவின் கணவருக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல்.

“டப்பாவத் தொற.”

“கிச்சடிதான் மாவ்ஷி.”

“கிச்சடிக்கு அடியில என்ன மணக்குது? எனக்கு மூக்கு இருக்குட்டீ.”

“அவரு கேக்குறாரு மாவ்ஷி. பாவமா இருக்கு. ரெண்டு வாய்தான்...”

“ரெண்டு வாய்தான்.” அந்தோணியம்மாள் டப்பாவைப் பிடுங்கி மூடினார். “எனக்குத் தெரியாத ரெண்டு வாயா? போட்டீ. போயிக் கஞ்சி கொண்டா.”

பிறகு இவரைப் பார்த்தார். “என்ன அண்ணே, இந்தப் பக்கம்? யாருக்கு ரத்தம்?”

“யாருக்கும் இல்ல,” என்று சொல்லிவிட்டு இருதயராஜ் திரும்பி நடந்தார்.

ஏப்ரலில் ஈஸ்டர் பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றபோது, இம்முறை அந்தோணியம்மாளே வந்தார்.

“அண்ணே, ஒரு வார்த்த சொல்லணும்னு பத்து வருசமா நினைக்கேன். உங்களப் பாத்தா பேச்சு வரமாட்டேங்கு. அன்னிக்கு நீங்க வந்து ரத்தம் எடுத்தீங்கல்லா, குத்துனதே தெரியலம்மான்னு பிள்ள சொன்னான். வேற யாரு குத்துனாலும் அழுவான். நீங்க நல்லாருக்கணும்.”

இருதயராஜின் கை சட்டைப் பையருகே போனது. திரும்பி வந்துவிட்டது. நன்றி சொன்னவரிடம் அதை எப்படி எடுத்துக் கொடுப்பது என்று தெரியவில்லை என்றார் எங்களிடம். கொடுக்காத ஒவ்வொரு நாளும் அந்த அம்மாள் வார்டில் எத்தனை டப்பா திறந்திருப்பார் என்று கணக்குப் போட்டாராம். பாதியில் விட்டுவிட்டாராம்.

இந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, மடலின் கடைசியில் வரவேண்டிய வாழ்த்தைச் சொல்லிவிடுகிறோம். கடைசி வரி எங்களுடையதாக இருக்கக் கூடாது. ராஜண்ணா, உங்களுக்கு நல்ல தூக்கம் வர வேண்டும். முழங்கால் வலி உங்களை விட்டு, சைக்கிள் உங்களை விடாமல் இருக்க வேண்டும். உங்கள் வீட்டாரோடு இன்னும் நிறைய மழைக்காலம் நீங்கள் பார்க்க வேண்டும், ஒன்றில்கூடக் காய்ச்சல் இல்லாமல். உங்கள் விதியை நாங்களும்தான் பதினான்கு ஆண்டு கேள்வி கேட்காமல் பின்பற்றினோம். அந்த வருத்தத்தில் எங்கள் பங்கையும் எடுத்துக்கொள்கிறோம்.

மே முப்பது, புதன்கிழமை, காலை பதினோரு மணி. அவர் வேலைக்கு வரும் நாள்களில் கடைசிக்கு முந்தைய நாள். வழக்கம்போல அந்தோணியம்மாள் வார்டிலிருந்து ரத்தக் குழாய்த் தட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

“நாளையோட முடிஞ்சுதா அண்ணே?”

“முடிஞ்சுது. உக்காரு அந்தோணியம்மா.”

“உக்காரச் சொல்லுதீங்க? பத்து வருசத்துல இந்த ஸ்டூலுல ஒருத்தரும் என்னைய உக்காரச் சொன்னதில்ல. எனக்கு என்ன வியாதி கண்டுபிடிச்சீங்க?”

சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். இருதயராஜ் காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். மடிப்புகளில் அது கிழிந்திருந்தது.

“சின்னதுரை ரத்தம் ஒரு குப்பி எங்கிட்ட இருந்துச்சு. டிசம்பர்ல போட்டுப் பாத்தேன். அவனுக்கு வந்தது டைபாய்டு இல்ல. தளேகாவ்ல புதர் வெட்டுனான்ல, அங்க ஒரு பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல். குடலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

அந்தோணியம்மாள் காகிதத்தைப் பார்த்தார். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது.

“அப்ப கருவாடு?”

“கருவாடு ஒண்ணும் பண்ணல.”

“சோறு?”

“சோறும் ஒண்ணும் பண்ணல. நீ ஊட்டுனது அவன் வயித்துக்குப் போன நல்ல சாப்பாடு. அவ்வளவுதான்.”

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் வெளியே போய்விட்டார்கள். அந்தோணியம்மாள் காகிதத்தின் கிழிந்த மடிப்பை நீவிவிட்டபடி, “ரெண்டு வாய்க்கு மேல கேட்டான் அண்ணே. நான்தான் குடுக்கல” என்றார். அதைச் சொல்லும்போதுதான் அழுதார். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, இருதயராஜின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

“இந்த ஒரு வார்த்தைக்கு நான் உங்களுக்கு என்ன செய்வேன்? போதும் அண்ணே. இது போதும்.”

எழுந்து தட்டை எடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். சுஷ்மா மேடமும் அவ்வளவுதான் சொல்லச் சொல்லியிருந்தார். மறுநாள் கழிந்தால் இருவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யப் போவதும் இல்லை.

“இன்னும் இருக்கு. உக்காரு,” என்றார் இருதயராஜ்.

அந்தோணியம்மாள் உட்காரவில்லை. தட்டோடு நின்றார்.

“அந்தக் குப்பியில மிச்சம் கொஞ்சம் இருந்துச்சு. அத, தொண்ணூத்தாறுல எங்கிட்ட இருந்த பழைய சோதனையிலயும் போட்டுப் பாத்தேன். ராத்திரி முழுக்க வச்சேன். காலையில எல்லாக் குழாயிலயும் தயிர் மாதிரி திரிஞ்சு நின்னுச்சு. ஒத்தக் குப்பியே போதும்னு அது சொல்லுது. அன்னிக்கே போட்டிருந்தா அடுத்த நாள் மத்தியானம் தெரிஞ்சிருக்கும். அதுக்கு மருந்து நம்ம அலமாரியிலயே இருந்துச்சு, சாதாரண மாத்திர. அதுக்கப்புறமும் அவன் ரெண்டு நாள் உசுரோட இருந்தான். ரத்தம் என் கையில இருந்துச்சு அந்தோணியம்மா. ஜோடிக்காகக் காத்திருந்தேன். நான் போட்டுப் பாத்திருந்தா உன் பிள்ள பொழச்சிருப்பான்.”

இப்படிக்கு,
அந்தோணியம்மாள், காய்ச்சல் வார்டு
இஸ்மாயில், ஆம்புலன்ஸ்
மற்றும் தமிழ் ஊழியர்கள்